ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் கிளீனிங்: உண்மையிலேயே தேவையா?

2024 ஜனவரி 14, வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

"எனக்கு 38 வயது. பல்லில் ஓட்டை இல்லை, கொதி இல்லை. பிரஷ் பண்ணும்போது எப்போதாவது கொஞ்சம் இரத்தம் வரும், அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் கிளீன் பண்ணச் சொல்லி மனைவி நிற்கிறார். அடிக்கடி சுரண்டினால் எனாமல் தேயும், பல் ஆடத் தொடங்கும் என்கிறார் அப்பா. எனக்கென்றால் இது டொக்டர்மாரின் வியாபாரம் என்றுதான் படுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

ஜனவரி 14, இரவு

தம்பி, இரண்டு விஷயத்தைச் சேர்த்துக் கேட்கிறீர்கள். பல்லைக் காட்டுவது ஒன்று, பல்லைக் கிளீன் பண்ணுவது இன்னொன்று. காட்டப் போனால் கிளீன் பண்ணித்தான் திரும்ப வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் உங்கள் வீட்டுச் சண்டையில் பாதி முடிந்துவிடும்.

முதலில் அப்பாவின் பேச்சு. எங்கள் வீட்டிலும் இதே பேச்சுத்தான் ஓடியது. ஸ்கேலிங்கில், அதாவது நாம் கிளீனிங் என்று சொல்வதில், எடுப்பது பல்லில் ஒட்டியிருக்கும் கல்லை. பல்லில் எந்நேரமும் வழுவழுவென்று ஒரு படலம் பிடித்துக்கொண்டே இருக்கும், முழுக்கக் கிருமிகள். பிரஷ் படாத இடத்தில் அது தங்கினால், எச்சிலில் உள்ள கல்சியமும் பொஸ்பேட்டும் இறங்கிச் சில நாட்களிலேயே இறுகத் தொடங்கிவிடும். இறுகிய பிறகு எந்தப் பிரஷ்ஷுக்கும் அசையாது. கீழ் முன்பற்களின் உட்புறத்தை நாக்கு நுனியால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் அதுதான். எச்சில் சுரப்பியின் வாய் நாக்குக்கு அடியில் திறப்பதால் அங்கேதான் முதலில் படியும். அடுத்தது மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கம், அங்கும் ஒரு சுரப்பி திறக்கிறது.

பல் ஆடும் கதை எங்கிருந்து வந்தது தெரியுமா? கல்லுக்கு மேல் கிருமி, கிருமியால் முரசு (ஈறு) வீக்கம், அது வருடக்கணக்காக நீடித்தால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைகிறது. அந்த நிலையில் பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பிடித்து வைத்திருப்பதே கல்தான். கல்லை எடுத்ததும் உள்ளே இருந்த ஆட்டம் வெளியே தெரியும். பழி ஸ்கேலிங்குக்குப் போகும். எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். பழகிய கை ஒழுங்காகச் செய்தால் தேயாது.

ஜனவரி 15

இனி ஆறு மாதக் கணக்கு. இதில் உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். 1977 இலேயே ஓப்ரி ஷைஹம் என்ற பல் பொதுச் சுகாதாரப் பேராசிரியர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதற்கு விஞ்ஞான அடிப்படை இருக்கிறதா என்று 'லான்செட்' மருத்துவ இதழில் கேட்டார். மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2004 இல் வெளியிட்ட வழிகாட்டி எல்லாருக்கும் ஒரே கணக்கு வைப்பதை விட்டுவிட்டது. பெரியவர்களுக்கு வாயின் நிலையைப் பொறுத்து 3 மாதம் முதல் 24 மாதம் வரை. 18 வயதுக்குக் கீழே என்றால் அதிகபட்சம் 12 மாதம்.

பிறகு 2020 இல் பிரிட்டனில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. 2,372 பெரியவர்களை 4 வருடம் பார்த்தார்கள். சிலரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டார்கள், சிலரை அவரவர் நிலைக்கேற்ற இடைவெளியில், ஆபத்துக் குறைந்தவர்களில் சிலரை 24 மாதத்துக்கு ஒருமுறை. முரசில் இரத்தம் வருவதில் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை.

கிளீனிங்கைப் பற்றியும் 2018 இல் கொக்ரேன் மீளாய்வு ஒன்று வந்தது, அதாவது நடந்த ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டுப் பார்ப்பது. இரண்டு ஆய்வுகள், 1,711 பேர். குறித்த தவணைக்கு ஸ்கேலிங் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் இரண்டு மூன்று வருடத்தில் முரசு நோயில் பெரிய வேறுபாடு இல்லை. கல் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. பல் வழுவழுப்பாக இருக்கிறது என்ற திருப்தி ஆட்களுக்கு இருந்தது. அதையும் நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

ஜனவரி 15, பிறகு

மேலே எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். இதை மட்டும் வாசித்துவிட்டு ஒருவர் "அப்ப போகவே தேவையில்லை" என்று முடிவெடுத்தால் அது ஆபத்து. அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் யார்? ஒழுங்காகப் பல் டொக்டரிடம் போய் வருகிறவர்கள். கொக்ரேன் பார்த்தவர்களுக்குக் கடுமையான முரசு நோயும் கிடையாது. கொழும்பில் எனக்குத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டார்கள். கொதி தாங்க முடியாமல் போனால்தான் இங்கே ஆட்கள் டொக்டரிடம் போவார்கள், அதுவும் பிடுங்குவதற்கு. பத்து வருடமாக யாரும் பார்க்காத வாய்க்கு அந்த முடிவைப் பொருத்த முடியாது.

ஜனவரி 17

"கொதி இல்லையென்றால் என்ன பிரச்சினை?" என்று கேட்டவருக்கு: முரசு நோய் கொதிக்காது. எலும்பு பாதி கரைந்த பிறகும் ஒன்றும் தெரியாமல் சாப்பிடலாம். தெரிவது இரத்தம் மட்டும்தான். அதையும் "பிரஷ் குத்திவிட்டது" என்று துப்பிவிட்டுப் போகிறோம். தம்பி, நீங்கள் கேள்வியில் "அவ்வளவுதான்" என்று எழுதிய இரத்தத்தைத்தான் நான் முதலில் கவனிப்பேன்.

ஜனவரி 21, ஞாயிறு

இதை எழுதுவதா என்று இரண்டு மூன்று நாள் யோசித்தேன். எழுதுகிறேன்.

முரசு நோயைக் கவனிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்று உலகம் முழுக்கப் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்களே, அதற்கு அடிப்படையான ஆய்வு நடந்தது நம் மலையகத்தில். ஹரால்ட் லோ என்ற நோர்வேக்காரரின் குழு 1970 இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 480 பேரைப் பதிவு செய்தது. எல்லாரும் ஆண்கள், 14 வயதிலிருந்து 30ஐ ஒட்டிய வயதுவரை. பல் துலக்கும் பழக்கம் இல்லை, பல் வைத்தியமும் அவர்களை எட்டவில்லை. 1985 வரை இடைவெளி விட்டு விட்டு வந்து அளந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒஸ்லோவில் மாணவர்களும் பல்கலைக்கழக ஆட்களும் சேர்ந்த இன்னொரு குழு.

1986 இல் முடிவு வெளிவந்தது. தொழிலாளர்களில் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக ஓடியது. 81 சதவீதம் பேருக்கு நடுத்தர வேகம். மீதி 11 சதவீதம் பேருக்கு முரசு வீங்கியிருந்தும் அதற்கு மேல் நோய் போகவில்லை. வேகமாக ஓடியவர்களுக்கு 45 வயதில் பல் எல்லாமே போய்விட்டன. நடுத்தரக் கூட்டத்துக்கு அதே வயதில் சராசரியாக 7 பல் போயிருந்தன. இத்தனைக்கும் அவர்களுக்குச் சூத்தைப் பல் அநேகமாக இல்லவே இல்லை. பல் போனது முழுக்க முரசால்.

என் தாத்தா ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டியவர். அவரை நான் பல்லோடு பார்த்த ஞாபகமே இல்லை. லயத்து வாசலில் பாட்டி சின்ன இரும்பு உரலில் வெற்றிலையையும் பாக்கையும் இடித்து, விரலால் வழித்து அவர் உள்ளங்கையில் வைப்பார். வயதானால் பல் விழுவது இயற்கை என்றுதான் அப்போது எல்லாரும் சொன்னார்கள். அவருக்கு அப்போது என்ன வயது என்று பெரியவளான பிறகு கணக்குப் பார்த்தேன். ஐம்பதுகூட நிறைந்திருக்கவில்லை.

இந்த ஆய்வைப் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. அதனால் கிடைத்த அறிவு பெரிது, மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு தோட்டத்து மனிதனின் வாயை 15 வருடம் அளக்க முடிந்த உலகத்தில், அவனுக்கு ஒரு பல் கிளினிக் போய்ச் சேரவில்லையே. அதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது.

ஜனவரி 22

நேற்று எழுதியதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 8, 81, 11 என்ற எண்ணிக்கையை வைத்துத்தான் "எல்லாருக்கும் ஒரே தவணை" என்பது பிழை என்று எனக்கு உறைத்தது. யாருமே துலக்கவில்லை. ஒரே வாழ்க்கை, ஏறக்குறைய ஒரே சாப்பாடு. அப்படியும் ஒருவனுக்கு எல்லாப் பல்லும் போகிறது, இன்னொருவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் எந்தக் கூட்டம் என்று கண்ணாடியில் தெரியாது. யாராவது அளந்து பார்த்தால்தான் தெரியும். காட்டப் போவது அதற்குத்தான்.

இதே லோ 1965 இல் டென்மார்க்கின் ஓஹூஸில் செய்த இன்னொரு பரிசோதனையும் உண்டு. முரசு நல்லாக இருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லாருக்கும் முரசு வீங்கியது. திரும்பத் துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் போலத்தான், பழையபடி வந்துவிட்டது. ஆரம்ப வீக்கம் திரும்பிவிடும், கரைந்த எலும்பு திரும்பாது. இரத்தம் வரும் கட்டத்திலேயே பிடித்துவிடுங்கள் என்று நான் தலைகீழாக நிற்பது இதனால்தான்.

பெப்ரவரி 3

கதிரையில் என்ன நடக்கும் என்று பயந்து இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

நல்ல டொக்டர் முதலில் அளப்பார். மெல்லிய கம்பி, நுனியில் அரை மில்லிமீற்றர் குண்டு, நடுவில் கறுப்புக் கோடு. அதைப் பல்லுக்கும் முரசுக்கும் நடுவே மெதுவாக இறக்குவார். 3 மில்லிமீற்றர் வரை இறங்கினால் சரி. 4, 5 என்றால் அங்கே பை விழத் தொடங்கியிருக்கிறது. என்னைப் பார்த்த டொக்டர் சத்தமாகச் சொல்லச் சொல்ல, நேர்ஸ் மிஸ் அட்டையில் எழுதிக்கொண்டு வந்தார். "டூ, டூ, த்ரீ, டூ" என்று போய்க்கொண்டிருந்தது, வலப்பக்கக் கீழ்க் கடைவாயில் "ஃபைவ்" என்றது. அந்த இடத்தில் எனக்கு ஒரு நாளும் வலித்தது கிடையாது.

பிறகு ஸ்கேலிங். மிஷினின் நுனி விநாடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிரும், அந்த அதிர்வில் கல் உடைந்து வரும். சூடு ஏறாமல் இருக்கவும் உடைந்ததைக் கழுவவும் தண்ணீர் பீச்சிக்கொண்டே இருக்கும். சத்தம்தான் பல்லைக் கூச வைக்கிறது, வேலை அவ்வளவு நோகாது. மூக்கால் மூச்சு விட்டால் தண்ணீர் தொண்டைக்குப் போகாது. தாங்க முடியவில்லையென்றால் கையைத் தூக்குங்கள், நிறுத்துவார்கள். முரசுக்குக் கீழே கல் இருந்தால் கையால் பிடிக்கும் வளைந்த கருவியால் எடுப்பார்கள். தேவைப்பட்டால் விறைக்க ஊசி போடுவார்கள்.

எனக்கு எடுத்த கல்லைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். வெள்ளைப் பஞ்சில் இரண்டு துண்டு. முரசுக்கு மேலிருந்தது மஞ்சள், சுண்ணாம்புக் கட்டி மாதிரி. கீழிருந்தது கறுப்புக் கலந்த பச்சை, மிளகில் கால்வாசிகூட இருக்காது, ஆனால் நகத்தால் அழுத்தினேன், உடையவில்லை.

கடைசியில் பொலிஷ். சிமெந்து மாதிரி ஒரு பசையை வைத்து ரப்பர் கிண்ணத்தால் சுற்றுவார்கள். தேத்தண்ணிக் கறை போகும், அழகாக இருக்கும். முரசுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் இல்லை.

பெப்ரவரி 4

செய்த பிறகு சில நாள் பச்சைத்தண்ணி பட்டாலும் கூசும், முரசும் கொஞ்சம் நோகும். போய்விடும்.

பெப்ரவரி 11

கொழும்பில் எங்கே போவது என்று கேட்கிறார்கள். காசு கட்டுப்படியாகாதவர்கள் வோர்ட் பிளேஸில் இருக்கும் தேசிய பல் வைத்தியசாலைக்குப் போகலாம். அரச ஆஸ்பத்திரி, இலவசம். வேளைக்கே போய் நம்பர் எடுத்துவிடுங்கள், கையில் ஒரு நாளை வைத்துக்கொண்டு போங்கள். கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வராதீர்கள். பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் பல் பிரிவும் இருக்கிறது. நேரம் இல்லை, காசு இருக்கிறது என்றால் காலி வீதியில் இரண்டு பஸ் ஹோல்ட்டுக்கு ஒரு கிளினிக் இருக்கிறது, முன்கூட்டியே நேரம் பதிந்து (சனல் பண்ணி) போகலாம்.

தனியாரில் எனக்கு நடந்ததையும் சொல்கிறேன், பெயர் வேண்டாம். கிளீன் பண்ணப் போன இடத்தில் கம்பியை எடுக்கவே இல்லை. வாயைத் திறந்த உடனே ஸ்கேலிங், பொலிஷ், பிறகு ஒரு நிற அட்டையை என் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்து "உங்களுக்கு இவ்வளவு மஞ்சள், வெண்மையாக்குகிற பக்கேஜ் இருக்கு" என்றார்கள். முரசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கிருந்த ஃபைவ் பிறகு வேறொரு டொக்டர் அளந்துதான் தெரிய வந்தது. தம்பி "வியாபாரம்" என்று சொன்னதை நான் அப்படியே தள்ளிவிடாததற்கு இதுதான் காரணம். போன இடத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை மில்லிமீற்றர் இறங்குகிறது? எங்கே இரத்தம் வருகிறது? அடுத்தது எப்போது, ஏன் அந்த இடைவெளி? மூன்றாவது கேள்விக்குக் காரணத்தோடு பதில் சொல்கிறவரை விட்டுவிடாதீர்கள்.

பெப்ரவரி 12

"பக்கேஜைப் பற்றிக் குறை சொல்கிறீர்கள், நானே ஒரு பல் டொக்டர்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, குறை உங்கள் தொழிலின் மேல் இல்லை. அளந்து, எழுதிவைத்து, "அடுத்த வருடம் வாங்கம்மா, இப்போதைக்கு ஒன்றும் தேவையில்லை" என்று அனுப்பியவரும் உங்களைப் போல ஒரு டொக்டர்தான். இப்போது எங்கள் குடும்பம் முழுக்க அவரிடம்தான் போகிறது.

பெப்ரவரி 25

வெற்றிலை. இந்த இழையில் இவ்வளவு நாளாக இதை யாரும் எடுக்கவில்லை. நானும் தள்ளிப்போட்டுவிட்டேன்.

அம்மா வெற்றிலை போடுகிறவர். தாத்தா பாட்டியிடமிருந்து வந்த பழக்கம், கொட்டாஞ்சேனைக்கு வந்த பிறகும் விடவில்லை. பல்லில் கறை, கிளீன் பண்ணினால் போய்விடும் என்றுதான் வோர்ட் பிளேஸுக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் பிள்ளை கறையைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியால் கன்னத்தை விலக்கி உள்ளே பார்த்தார், நாக்கைப் பஞ்சால் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார். வெற்றிலைக் கூறை ஒதுக்கி வைக்கும் இடது கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. தேய்த்தால் போகவில்லை. சின்னத் துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

புற்றுநோய் இல்லை. ஆனால் வெற்றிலையை நிறுத்தியே ஆக வேண்டும், ஒழுங்காகக் கூப்பிட்டுப் பார்ப்போம் என்றார்கள். அம்மா நிறுத்திவிட்டார்.

இலங்கையில் ஆண்களுக்கு மிக அதிகமாக வருவது வாய்ப் புற்றுநோய். புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்கு மென்றாலும் ஆபத்துத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004 வெளியீட்டிலேயே பாக்கை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. பீடாவும் இதில் அடங்கும், கல்யாண வீட்டுத் தட்டில் வருவதுதானே என்று நினைக்காதீர்கள். இரண்டு மூன்று வாரமாக ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் பட்டால் வாயெல்லாம் எரிவது, வாய் முன்போல அகலத் திறக்காமல் போவது, இதில் எது இருந்தாலும் உடனே காட்டுங்கள்.

தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு இதிலிருந்தும் ஒரு பதில் இருக்கிறது. எங்கள் அம்மாவுக்கு அன்று ஸ்கேலிங் செய்யவேயில்லை. பார்த்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பார்வைதான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

மார்ச் 2

சீனி வருத்தம் உள்ளவர்கள் இடைவெளியைக் குறைக்க வேண்டும். சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் முரசு நோய் கூடும், முரசு நோய் கூடினால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டமாகும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். கர்ப்பிணிகளுக்கும் முரசு சுலபமாக வீங்கும். காட்டலாம், கிளீன் பண்ணலாம், பயம் இல்லை, மாதத்தை மட்டும் சொல்லிவிடுங்கள்.

சிகரெட் குடிக்கிறவர்கள் இரத்தத்தை நம்பக்கூடாது. நிக்கொட்டின் இரத்த நாளங்களைச் சுருக்குவதால் நோய் இருந்தும் இரத்தம் வராமல் போகலாம். "எனக்கு இரத்தமே வருவதில்லை" என்று என் மச்சான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கம்பி வைத்ததும் 6 இறங்கியது.

மார்ச் 9

பிள்ளைகளைப் பற்றிக் கேட்ட தங்கச்சிக்கு. ஆறு வயதளவில் பால்பற்களுக்குப் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலே வருவதால் அதையும் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். அது சாகும்வரை இருக்க வேண்டிய பல். சூத்தை முதலில் பிடிப்பதும் அதைத்தான். அதன் மேல் பள்ளங்களை அடைத்துவிடும் ஒரு பூச்சு இருக்கிறது, கேளுங்கள். பாடசாலைப் பல் கிளினிக் இருந்தால் கடிதத்தில் கையெழுத்து வைத்து அனுப்புங்கள். மஹரகமவில் இதற்கென்றே பயிற்சி எடுத்தவர்கள்தான் அங்கே இருக்கிறார்கள்.

அநுராதபுரத்திலிருந்து கொழும்புக்கு வந்த குடும்பம், பிள்ளையின் பல்லில் வெள்ளையும் பழுப்புமாகக் கோடு, கிளீன் பண்ணினால் போகுமா என்று கேட்டார்கள். அது போகாது. அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைட் அதிகம், பல் உருவாகும் வயதில் குடித்ததால் எனாமலிலேயே பதிந்தது. ஊத்தை இல்லை, பிள்ளை ஒழுங்காகத் துலக்கவில்லை என்று அடிக்காதீர்கள். பிறகு வேண்டுமானால் வேறு சிகிச்சைகள் இருக்கின்றன.

மார்ச் 10

வீட்டில் என்ன செய்வது என்பதை யாரும் கேட்கவில்லை, ஆனால் முக்கால்வாசி வேலை அங்கேதான். 1,000 முதல் 1,500 பிபிஎம் வரை ஃபுளோரைட் உள்ள பற்பசை, டியூபில் போட்டிருக்கும். பிரஷ்ஷின் நார் முரசின் ஓரத்தில் சாய்வாகப் படட்டும், மெதுவாக, இரண்டு நிமிடம். இரவில் துலக்கிய பிறகு ஒன்றும் சாப்பிடாமல் படுங்கள். துப்பிவிட்டு வாயை நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள், ஃபுளோரைட் கொஞ்சம் தங்கட்டும்.

அடுத்தது பல்லிடுக்குப் பிரஷ். ஃபார்மசியில் கிடைக்கும், போத்தல் கழுவும் பிரஷ்ஷின் குட்டி. இடுக்குக்கு ஏற்ற அளவு பார்த்து வாங்க வேண்டும், முதல் தடவை டொக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரம் இரத்தம் கூடுதலாக வரும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். எனக்கு 5 இருந்த இடம் 3க்கு வந்ததற்கு ஸ்கேலிங் பாதி, இந்தக் குட்டிப் பிரஷ் பாதி.

கரித்தூள், உப்பு, செங்கல் பொடி போட்டுத் தேய்ப்பதை விடுங்கள். ஸ்கேலிங்கால் தேயும் என்று அப்பா பயப்படுகிற எனாமல் இவற்றால்தான் உண்மையிலேயே தேயும். குளோர்ஹெக்ஸிடின் கொப்பளிக்கும் மருந்தையும் டொக்டர் சொன்ன நாளைத் தாண்டிப் போடாதீர்கள். பிளேன்டீ குடிக்கிறவர்களுக்குப் பல் பழுப்பாகிவிடும்.

மார்ச் 24

கேள்வி கேட்ட தம்பி போய்விட்டு வந்து எழுதியிருக்கிறார், நல்ல சந்தோஷம். பெரும்பாலும் 2, 3 தானாம். கீழ் முன்பக்கம் மட்டும் கல் இருந்ததாம், எடுத்துவிட்டு ஒரு வருடத்துக்குப் பிறகு வரச் சொன்னார்களாம். அப்போ ஆறு மாதம் என்று நின்ற மனைவியும் சமாதானம், வியாபாரம் என்ற நீங்களும் சமாதானம்.

"கிளீன் பண்ணிய பிறகு கீழ்ப் பற்களுக்கு நடுவில் இடைவெளி விழுந்துவிட்டது, பல் விலகிவிட்டதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். விலகவில்லை. இத்தனை நாளும் அந்த இடத்தைக் கல் அடைத்திருந்தது, வீக்கமும் மறைத்திருந்தது. இரண்டும் போனதும் இடம் தெரிகிறது. சின்ன அளவுக் குட்டிப் பிரஷ் இப்போது அதற்குள் போகும், வாங்கிவிடுங்கள்.

மார்ச் 25

அப்பாவும் காட்டப் போகச் சம்மதித்துவிட்டார், ஆனால் இருதயத்துக்கு மருந்து எடுக்கிறார் என்கிறீர்கள். கதிரையில் ஏறும் முன்பே சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக்கூடாது, மருந்துத் துண்டைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும். செயற்கை வால்வு வைத்தவர்களுக்கும், முன்பு இருதயத்தின் உள்ளுறையில் கிருமி தொற்றியவர்களுக்கும் ஸ்கேலிங்குக்கு முன்னால் ஒரு வேளை அன்ரிபயோட்டிக் கொடுக்க வேண்டிவரும், அதை டொக்டர் முடிவெடுப்பார். பேஸ்மேக்கர் இருந்தால் அதையும் சொல்லுங்கள், சில பழைய வகைகளுக்கு மிஷின் ஒத்துவராது, கையால் செய்துகொள்ளலாம். அவருடைய கிளினிக் கொப்பியை ஒரு உறையில் போட்டு இன்றைக்கே கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், காலையில் அவசரத்தில் மறந்துபோகும்.